வழக்கறிஞருக்கு லிங்க்ட்இன்: எங்கே உதவும், எங்கே மாட்டிவிடும்

ஒரு வழக்கறிஞரின் பெயரை யாரோ சொல்லக் கேட்டவர் அடுத்த நிமிடமே போனை எடுத்து அந்தப் பெயரைத் தேடிப் பார்ப்பார். முதல் சில முடிவுகளுக்குள் லிங்க்ட்இன் பக்கம் வந்து நிற்கும். ஆகவே கணக்கு வேண்டுமா வேண்டாமா என்பதில் பேச ஒன்றுமில்லை, வேண்டும். ஆனால் 2003-இல் தொடங்கி 2016 முதல் மைக்ரோசாஃப்ட் கையில் இருக்கும் இந்தத் தொழில்முறைச் சமூக வலைத்தளம், வேலை தேடுவோரையும் விற்பனைக்காரரையும் மனதில் வைத்துக் கட்டப்பட்டது. தன்னைத் தானே விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது, கட்சிக்காரர் ரகசியம் வெளியே போகக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு உள்ள தொழில் ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. கணக்கு திறந்த கையோடு அது தானாகவே இயக்கிவைக்கும் சில வசதிகள் மற்றவர்களுக்கு லாபம், வழக்கறிஞருக்குத் தலைவலி. எதை நிரப்புவது, எதை அணைப்பது என்று தெரிந்து பயன்படுத்தினால் இது அருமையான விசிட்டிங் கார்டு. அதற்கு மேல் இதை நம்பக் கூடாது.

முதலில் சட்டம். வழக்கறிஞர் விளம்பரத்துக்கான விதி நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1977-இல் வந்த பேட்ஸ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு விளம்பரம் செய்யலாம். பொய்யும் திசைதிருப்பலும் கூடாது. இங்கிலாந்து, வேல்ஸில் சொலிசிட்டர்கள் எனப்படும் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யலாம், ஆனால் பொதுமக்களைத் தாமாகப் போய் அணுகக் கூடாது. மலேசியாவில் இதற்கென்றே 2001-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. இந்தியாவில் பார் கவுன்சில் விதி 36 விளம்பரத்தையே தடுக்கிறது. 2008-இல் வந்த திருத்தம் சொந்த வலைத்தளத்துக்கு மட்டும் வழிவிட்டது. அதிலும் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவுத் தேதி, எந்த மாநில பார் கவுன்சில், கல்வித் தகுதி, எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு ஆள் பிடித்துத் தரும் இணையச் சேவைகள் வழியாகக் கட்சிக்காரர் தேடும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. கீழே வருவதில் எதைப் பின்பற்றுவதாக இருந்தாலும், பதிவு செய்திருக்கும் பார் கவுன்சிலின் விதியை ஒரு தடவை முழுதாகப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். கூடாது என்று அங்கே இருந்தால், லிங்க்ட்இன் அனுமதிக்கிறது என்பது பதிலாகாது.

இனி பக்கத்துக்கு வருவோம். இங்கே மிக முக்கியமான இடம் பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைன். 220 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் தேடல் முடிவிலும், மற்றவர் பதிவுக்குக் கீழே நீங்கள் கருத்துச் சொல்லும் இடத்திலும் அதன் தொடக்கம் மட்டும்தான் தெரியும். எனவே சொல்ல வேண்டியது முதல் ஐந்தாறு சொற்களுக்குள் வந்துவிட வேண்டும். தமிழில் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினி புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும். ‘வழக்கறிஞர்’ என்பது கண்ணுக்கு ஏழு எழுத்து, கணினிக்கு 10. ஆகவே 220 என்பது தமிழில் சுமார் 150 எழுத்துதான் என்று வைத்துக்கொண்டு எழுதினால் கடைசிச் சொல் வெட்டுப்படாது.

என்ன எழுதுவது? “வெற்றி உறுதி | முன்னணி விவாகரத்து நிபுணர் | 500+ வழக்குகள்” என்ற ஹெட்லைனில் மூன்று துண்டுக்கும் தனித்தனியே சிக்கல் உண்டு. வெற்றியை யாராலும் உறுதி தர முடியாது. ‘முன்னணி’ என்பதை நிரூபிக்க முடியாது. ‘நிபுணர்’ என்ற சொல்லைச் சான்றிதழ் இல்லாமல் பயன்படுத்த முடியாத இடங்கள் பல. நியூயார்க் மாநில வழக்கறிஞர் சங்கம் 2013-இல் தொழில் நெறி பற்றித் தந்த 972-ஆம் எண் கருத்துரை, ஒரு சட்ட நிறுவனம் சமூக ஊடகத்தில் ‘ஸ்பெஷாலிட்டீஸ்’ என்ற தலைப்பின் கீழ் தன் சேவைகளைப் பட்டியலிடக் கூடாது என்றது. தலைப்பு தளம் வைத்தது, வழக்கறிஞர் வைத்ததல்ல. ஆனாலும் பொறுப்பு வழக்கறிஞருடையதுதான். தனிநபர் பக்கத்தில் இன்று அந்தத் தலைப்பு இல்லை. நிறுவனப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதை வெறுமையாக விடுவதே நல்லது. மேலே சொன்ன ஹெட்லைனுக்குப் பதில் “வழக்கறிஞர்: குடும்பநல வழக்குகள், குழந்தைப் பொறுப்பு, ஜீவனாம்சம்” என்று எழுதினால் போதும். தேடி வருபவர் அடிக்கும் சொல்லும் இதுதான். பெருமைச் சொல் எதையும் யாரும் தேடலில் அடிப்பதில்லை.

உங்களைப் பற்றிச் சொல்லும் ‘அபவுட்’ பகுதிக்கு 2,600 எழுத்து. அதிலும் முதல் இரண்டு மூன்று வரி மட்டும் திறந்திருக்கும். மீதிக்கு அழுத்திப் பார்க்க வேண்டும். பலரும் அந்த முதல் வரியை “சட்டத்தின் மீது சிறுவயது முதலே தீராத ஆர்வம்” என்று வீணடிக்கிறார்கள். அங்கே வர வேண்டியது யாருக்காக, எந்த வகை வழக்கில், எந்த நிலை நீதிமன்றங்களில் ஆஜராகிறீர்கள் என்பது. அதன்பின் எந்த வழக்குகளை எடுப்பதில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் மற்ற வழக்கறிஞர்கள் உங்களுக்கு ஆள் அனுப்புவார்கள். அனாவசிய அழைப்பும் குறையும். பதிவு எண், ஆண்டு, எந்த மொழிகளில் பேசுவீர்கள் என்பதும் இங்கேயே. கடைசியாக, பக்கத்தில் உள்ளது பொதுத் தகவலே தவிர சட்ட ஆலோசனை அல்ல என்ற குறிப்பு. இந்தக் குறிப்பு எல்லாத் தவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம். இல்லாமல் இருப்பதை விட மேல், அவ்வளவுதான்.

படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகப்படம் குறைந்தது 400-க்கு 400 பிக்சல். பின்னணிப் படம் 1584-க்கு 396. அதன் இடது கீழ்ப்பக்கத்தை முகப்படம் மறைத்துக்கொள்ளும், எனவே அங்கே எழுத்து வைக்காதீர்கள். தராசும் சுத்தியலும் எல்லோர் பக்கத்திலும் இருக்கின்றன. வெறும் நிறமே போதும். அங்கியையும் கழுத்துப் பட்டையையும் நீதிமன்றத்துக்கு வெளியே அணிவதைக் கட்டுப்படுத்தும் விதி உள்ள இடங்களில், சாதாரணக் கோட்டோடு எடுத்த படம் பாதுகாப்பு.

திறன் பட்டியலும் அதற்கு மற்றவர் தரும் ‘எண்டார்ஸ்மெண்ட்’டும் பார்க்க அப்பாவியாக இருக்கும். பள்ளித் தோழர் ஒருவர் நல்ல மனதோடு உங்களுக்கு ‘வரிச் சட்டம்’ என்று தட்டிவிட்டுப் போவார். உங்களுக்கு வரிச் சட்டத்தில் அனுபவமே இல்லை. அது உங்கள் பக்கத்தில் இருக்கும் வரை அது உங்கள் கூற்று போலவே படிக்கப்படும். நியூயார்க் கவுண்டி வழக்கறிஞர் சங்கம் 2015-இல் லிங்க்ட்இன் பற்றியே தந்த 748-ஆம் கருத்துரை, இவற்றை அவ்வப்போது பார்த்துச் சரிசெய்யும் பொறுப்பு வழக்கறிஞருக்கு உண்டு என்கிறது. எளிய வழி, திறன் பகுதிக்குள் போய் எண்டார்ஸ்மெண்ட் பெறும் வசதியையே அணைப்பது. எழுத்துவடிவப் பரிந்துரை சற்றுப் பரவாயில்லை, நீங்கள் ஏற்ற பிறகே அது வெளியே தெரியும். கட்சிக்காரர் தரும் பாராட்டுக்குத் தடை உள்ள இடத்தில் அதை ஏற்காதீர்கள். சக வழக்கறிஞரோ சட்டக் கல்லூரி ஆசிரியரோ உங்கள் வேலையைப் பற்றி எழுதியதை மட்டும் வையுங்கள்.

இனி வருவதுதான் பெரும்பாலோர் திறந்தே பார்க்காத இடம்: செட்டிங்ஸில் ‘விசிபிலிட்டி’. முதல் வேலை, உங்கள் தொடர்புப் பட்டியலை மற்றவர் பார்ப்பதை நிறுத்துவது. வழக்கறிஞரின் தொடர்புப் பட்டியலில் கட்சிக்காரர்கள் இருப்பார்கள். ஒரு நிறுவனத்தின் மனிதவள மேலாளர், நிதி அதிகாரி, இயக்குநர் மூவரும் ஒரே வாரத்தில் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரோடு இணைந்தால், அதைப் பார்க்கும் தொழிற்சங்கத்துக்கு வேறு சேதி வேண்டாம். அடுத்து, போனில் உள்ள தொடர்புகளை இறக்கிக்கொள்ள ஆப் கேட்கும்போது மறுத்துவிடுங்கள். முன்பே கொடுத்திருந்தால் ஒத்திசைவை நிறுத்தி, ஏற்றியதையும் அழியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் போன் புத்தகத்தில் இருக்கும் எதிரெதிர்த் தரப்பினரை ‘இவரைத் தெரியுமா’ என்று ஒருவருக்கொருவர் அது காட்டும் அபாயம் உண்டு. மூன்றாவது, பக்கத்தில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் எல்லோருக்கும் அறிவிக்கும் வசதி. ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது பழைய இடத்தில் சொல்வதற்கு முன்பே ஊருக்குச் சொல்லிவிடும். பக்கத்தைத் திருத்த உட்காரும் முன் அணைத்துவிடுங்கள். நான்காவது, உங்கள் எழுத்தைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதிக்கும் பொத்தான். 2024-இல் பல நாடுகளில் இது இயல்பாகவே இயங்கும் நிலையில் வந்தது. ‘டேட்டா பிரைவசி’ பகுதியில் இருக்கிறது.

யார் பக்கத்தை யார் பார்த்தார் என்று காட்டுவதும் வழக்கறிஞருக்கு மட்டும் வேறு பொருள் தரும். எதிர்த்தரப்புச் சாட்சியின் பக்கத்தைப் பார்த்தால் அவருக்கு உங்கள் பெயர் போகும். பொதுமக்களே நடுவராக அமரும் ஜூரி முறை உள்ள நாடுகளில் இது பெரிய விவாதமே ஆனது: நியூயார்க் நகர வழக்கறிஞர் சங்கம் 2012-இல், இப்படித் தானாகப் போகும் அறிவிப்பும் ஜூரியோடு தொடர்புகொண்டதாக ஆகலாம் என்றது, அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2014-இல் தன் 466-ஆம் கருத்துரையில் அது தொடர்பு ஆகாது என்றது. இரண்டு பெரிய அமைப்புகளே உடன்படாத இடத்தில் பெயர் காட்டாத ‘பிரைவேட் மோட்’ போட்டுவிட்டுத் தேடுவதே அறிவு. இலவசக் கணக்கில் அப்படிச் செய்தால் உங்கள் பக்கத்தை யார் பார்த்தார் என்ற பட்டியலும் உங்களுக்குக் கிடைக்காது. அதை இழப்பதால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

எழுத்துக்கு வருவோம். வழக்கறிஞரின் பெயர் நிலைப்பது பக்கத்தால் அல்ல, எழுதுவதால்தான். மோசமாகப் போவதும் அதனால்தான். ஒரு மாதிரியைப் பாருங்கள்: “இன்று உயர் நீதிமன்றத்தில், பொய் வழக்கில் சிக்கிய ஒரு மருத்துவருக்கு முன்ஜாமீன் பெற்றுத் தந்தோம். நீதி வென்றது!” பெயர் இல்லையே, என்ன கெட்டுவிட்டது என்று தோன்றும். தேதி இருக்கிறது. நீதிமன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் பெயர் பதிவுக்கு மேலேயே இருக்கிறது. அன்றைய காஸ் லிஸ்ட்டை, அதாவது விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியலை எடுத்து அந்த வழக்கறிஞர் பெயரைத் தேடினால் ஐந்து நிமிடத்தில் மருத்துவர் யாரென்று தெரிந்துவிடும். அடுத்த நாள் முதல் இந்தப் பதிவைப் படிக்கும் அவருடைய நோயாளிக்கும் அது அவரைப் பற்றியது என்று தெரிந்துவிடலாம். நீதிமன்றப் பதிவில் இருப்பது எல்லோருக்கும் பொதுதானே என்ற வாதமும் எடுபடாது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 480-ஆம் கருத்துரை (2018), பொதுப் பதிவேட்டில் இருக்கும் தகவலாக இருந்தாலும் கட்சிக்காரர் சம்மதமில்லாமல் வழக்கறிஞர் எழுதக் கூடாது என்றே சொல்கிறது. ‘ஒரு கற்பனை உதாரணம்’ என்று எழுதினாலும் அதிலிருந்து ஆளை அடையாளம் காண முடிந்தால் அதுவும் தவறுதான். மற்ற நாட்டு வழக்கறிஞர்களும் பின்பற்றத் தக்க அளவுகோல் இது.

சொந்த வழக்குக்குப் பதிலாக, வெளியான தீர்ப்புகளை எடுத்து எழுதுங்கள். நன்றாக அமையும் பதிவுக்கு ஒரு அமைப்பு உண்டு: ஒரே தீர்ப்பு, அதில் ஒரே கேள்வி. முதல் இரண்டு வரியில் கேள்வியைச் சாதாரண மனிதர் கேட்பது போலக் கேளுங்கள், ஏனென்றால் ‘மேலும்’ என்பதை அழுத்தும் முன் தெரிவது அவ்வளவே. “முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டு உரிமையாளர் மீது காவல்துறையில் புகார் கொடுக்கலாமா?” என்பது ஒரு தொடக்கம். பிறகு தீர்ப்பின் பெயர், தேதி, எந்தப் பத்தி எண்ணில் அது சொல்லப்பட்டிருக்கிறது. பிறகு நீதிமன்றம் சொன்னது. அதற்கடுத்து, பலரும் விட்டுவிடுவது: நீதிமன்றம் எதைச் சொல்லவில்லை, எந்தச் சூழலில் இந்தத் தீர்ப்பு உதவாது. மற்ற வழக்கறிஞர்கள் உங்களை மதிக்கத் தொடங்குவது இந்தப் பகுதியைப் படித்துத்தான். 3,000 எழுத்துக்குள் இதை அடக்கலாம். தமிழில் எழுதினால் ஏறத்தாழ 2,000 எழுத்துக்குத் திட்டமிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். தினம் ஒன்று என்று தொடங்குபவர் மூன்றாவது வாரத்தில் தீர்ப்பைப் படிக்காமல் செய்தியை மட்டும் படித்து எழுதத் தொடங்கிவிடுவார்.

தீர்ப்பை மூலத்தில் படிக்காமல் எழுதுவதன் விலை என்ன என்பதற்கு 2023-இல் நியூயார்க்கில் நடந்த மாட்டா எதிர் ஏவியான்கா வழக்கே சாட்சி. சாட்ஜிபிடி உருவாக்கித் தந்த, இல்லாத தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதித்தது நீதிமன்றம். பதிவில் அதே தவற்றைச் செய்தால் அபராதம் வராமல் போகலாம். ஆனால் படிப்பவர்களில் பாதிப் பேர் சக வழக்கறிஞர்கள். லிங்க்ட்இன்னே கட்டணக் கணக்கில் ‘அழகாக எழுதித் தருகிறேன்’ என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட கருவிகள் ‘நிபுணர்’, ‘நிரூபிக்கப்பட்ட’, ‘சிறந்த’ போன்ற சொற்களைத் தாமாகச் சேர்த்துவிடும், விதி தடுக்கும் சொற்களும் அவைதான். பயன்படுத்தினால் இந்தச் சொற்களைத் தேடி நீக்கிவிட்டு வெளியிடுங்கள்.

பிடிஎஃப் ஆவணத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டும்படி போடும் வசதி தீர்ப்புச் சுருக்கத்துக்கு மிகவும் பொருத்தம். மற்றவர் இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும். இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, வெளியிட்ட பின் பதிவின் வாசகத்தைத் திருத்தலாம், இணைத்த கோப்பை மாற்ற முடியாது. பத்தி எண் தவறென்றால் பதிவையே அழித்து மறுபடி போட வேண்டும். இன்னொன்று, பழைய மனுவை எடுத்து அதன் மேலேயே தட்டச்சு செய்யும் பழக்கம். அந்தக் கோப்பைப் பற்றிய விவரங்கள் இருக்கும் ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் பழைய கட்சிக்காரர் பெயரே தலைப்பாக உட்கார்ந்திருக்கும், பிடிஎஃப் ஆக்கும்போதும் கூடவே வரும். புதிய வெற்றுக் கோப்பில் எழுதி, பிடிஎஃப் ஆக்கியபின் ஒருமுறை பிராப்பர்ட்டீஸைத் திறந்து பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

பதிவு நன்றாகப் போனால் கருத்துப் பகுதியிலும் தனிச் செய்தியிலும் கேள்வி வரும். “சார், என் அண்ணன் சொத்தில் பங்கு தர மறுக்கிறார், என்ன செய்யலாம்?” என்று விவரமெல்லாம் கொட்டிவிடுவார்கள். அந்த அண்ணன் ஏற்கெனவே உங்கள் கட்சிக்காரராக இருந்தால்? விவரத்தைப் படித்துவிட்டீர்கள், இரண்டு தரப்புக்கும் ஆஜராக முடியாத நிலை வந்துவிடலாம். பதில் சொல்லிவிட்டால், அவரைப் பொறுத்தவரை நீங்கள் அவருடைய வழக்கறிஞர் ஆகிவிட்டீர்கள். போனில் ஒரு பதிலைச் சேமித்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே அனுப்புங்கள்: “வணக்கம். இங்கே வழக்கு விவரம் எதையும் எழுத வேண்டாம். இரு தரப்பினர் பெயரை மட்டும் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். நான் ஆஜராக முடியுமா என்று சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை நான் உங்கள் வழக்கறிஞர் அல்ல. வழக்குப் போடக் காலக்கெடு நெருங்கியிருந்தால் தாமதிக்காமல் வேறு வழக்கறிஞரைப் பாருங்கள்.” கடைசி வாக்கியம் மிகவும் முக்கியம். உங்கள் பதிலுக்காகக் காத்திருந்து ஒருவர் காலக்கெடுவைத் தவறவிட்டால் அந்தப் பழி உங்கள் மேல்தான் வரும்.

கட்டணக் கணக்கு தேவையா? வழக்கறிஞருக்குத் தேவையில்லை. அதில் பெரிதாகப் பேசப்படுவது அறிமுகமில்லாதவருக்குச் செய்தி அனுப்பும் ‘இன்மெயில்’. முன்பின் தெரியாதவருக்குத் தாமாகச் செய்தி அனுப்பி வழக்குக் கேட்பது பல நாட்டு விதிகள் நேரடியாகத் தடுக்கும் செயல். ‘சோஷியல் செல்லிங் இண்டெக்ஸ்’ என்று 100-க்கு மதிப்பெண் போடுவார்கள். அது விற்பனையாளருக்கான கணக்கு, பார்க்கவே வேண்டாம். இதற்கு மாறாக, 2023-இல் வந்த அடையாளச் சரிபார்ப்பு இலவசம், உடனே செய்துகொள்ளுங்கள். உங்கள் பெயரில் போலிக் கணக்கு வந்தால் உண்மையானது எது என்று காட்ட உதவும். ஆனால் அது ஆளைத்தான் சரிபார்க்கிறது, வழக்கறிஞர் உரிமத்தை அல்ல. அதற்காகத்தான் பதிவு எண்ணை எழுதச் சொன்னது.

லிங்க்ட்இன்னின் மிகப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அங்கே ‘நியூஸ்லெட்டர்’ தொடங்கி ஐந்தாண்டு எழுதி ஆயிரக்கணக்கான வாசகர்களைச் சேர்த்தாலும், அவர்களின் மின்னஞ்சல் முகவரியை உங்களுக்குத் தராது. கணக்கு முடக்கப்பட்டால் அன்றோடு அவர்கள் போனார்கள். ஆகவே எழுத்து முதலில் சொந்த வலைத்தளத்தில் வர வேண்டும். அதன் சுருக்கமும் சுட்டியும் லிங்க்ட்இன்னுக்கு. தளம் பெரிதாக வேண்டியதில்லை: அறிமுகம், தொழில் துறைகள், கட்டுரைகள், தொடர்பு என நான்கு பக்கம் போதும். மின்னஞ்சலும் அதே டொமைனில், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயரில் இருக்கட்டும்.

டொமைன் விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பி விட்டுவிடாதீர்கள். தளம் வடிவமைத்துத் தருபவர் தன் பெயரிலேயே டொமைனைப் பதிந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. டொமைனைப் பதிந்து தரும் நிறுவனமான பதிவாளரிடம் உள்ள கணக்கு உங்கள் பெயரில், உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும். அதுவும் அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலாக இருக்கக் கூடாது, டொமைன் போனால் மீட்கும் வழியும் சேர்ந்து போகும். இரண்டடுக்குப் பாதுகாப்பும் தானியங்கிப் புதுப்பித்தலும் போட்டுவிடுங்கள். டாட் காம் போன்றவற்றை ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதியலாம். காலாவதியானால் பதிவாளர் தரும் சலுகைக் காலம் 45 நாள் வரை இருக்கலாம், சிலரிடம் அதுவும் இல்லை. அதன்பின் கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள். அதுவும் போனால் 5 நாளில் அழிக்கப்பட்டு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்படி வாங்கியவர் அதில் ஒரு மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால், பழைய கட்சிக்காரர்கள் உங்கள் முகவரிக்கு அனுப்பும் ஆவணங்கள் நேராக அவரிடம் போய்ச் சேரும். தொழிலை விட்டு விலகிய பிறகும் சில ஆண்டுகளுக்கு அந்த டொமைனைப் புதுப்பித்துக் கையிலேயே வைத்திருங்கள்.